"இப்போ எங்கேம்மா இருக்கே?": ஊரடங்கில் ஒரு கிராமச் செவிலியரின் அனுபவம்

2020-இல் நாடு முழுக்க ஊரடங்கு தொடங்கிய மார்ச் 25 ஒரு புதன்கிழமை. தமிழ்நாட்டில் புதன் என்றால் தடுப்பூசி நாள். செவ்வாய்க்கிழமை ஆரம்ப சுகாதார நிலையத்தில் கர்ப்பிணிகளுக்குப் பரிசோதனை, புதன்கிழமை கைக்குழந்தைகளுக்கு ஊசி. காலண்டர் பார்க்காமலே தாய்மார்கள் வந்து நிற்பார்கள். அந்தச் செவ்வாய் மாலை ஆறு மணிக்கே மாநிலத்தில் 144 அமலுக்கு வந்துவிட்டது. மறுநாள் ஊசிப் பெட்டியை எடுத்துக்கொண்டு கிளம்பலாமா வேண்டாமா என்று யாருக்கும் சொல்லத் தெரியவில்லை.

நீடாமங்கலம் பக்கம் ஒரு துணை சுகாதார நிலையத்தில் கிராம சுகாதார செவிலியராக இருக்கிறேன். ஊரில் கூப்பிடுவது நர்சம்மா. வெண்ணாறு மூன்றாகப் பிரிகிற மூணாறு தலைப்புக்குக் கீழே, வாய்க்காலை ஒட்டி உள்ளே உள்ளே போகிற சின்ன ஊர்கள் என்னுடையவை. மெயின் ரோட்டில் ஒன்று, ஆற்றுப் படுகையில் ஒன்று, வயலைத் தாண்டினால் ஒரு காலனித் தெரு. ஒரு துணை நிலையத்துக்குச் சுமார் 5,000 பேர் என்பது சர்க்கார் கணக்கு. அந்த இரண்டு கொரோனா வருஷத்தில் எது உதவியது, எது உதவவில்லை என்பதை இந்த வேலைக்குப் புதிதாக வருகிற பிள்ளைகள் அடிக்கடி கேட்கிறார்கள். அவர்களுக்காக எழுதுகிறேன்.

முதலில் ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். எங்களிடம் இரும்புச்சத்து மாத்திரை இருந்தது, தடுப்பூசி இருந்தது, குளிர்பெட்டியும் ஓடியது. யார் எங்கே இருக்கிறார்கள் என்பதுதான் தெரியாமல் போனது. கர்ப்பிணியைப் பதிவு செய்யும்போது புருஷன் வீட்டு முகவரிதான் ஏறும். தலைப்பிரசவம் என்றால் ஏழாம் மாதம் வளைகாப்பு போட்டுத் தாய்வீட்டுக்கு அழைத்துப் போவார்கள், அது நமக்குத் தெரிந்த வழக்கம். ஊரடங்கில் எல்லாம் குழம்பிவிட்டது. அப்புறம் வண்டி கிடைக்காதோ என்ற பயத்தில் ஐந்தாம் மாதமே சத்தமில்லாமல் பெண்ணைக் கூட்டிப் போனார்கள். திருப்பூர் பனியன் கம்பெனிகளில் இருந்த ஜோடிகள் கிடைத்த லாரியில் ஊர் திரும்பினார்கள். அவர்களில் மாசமாக இருந்த பெண்கள் என் பதிவேட்டில் கிடையாது. திருப்பூரில் பதிந்த செவிலியருக்கோ ஆள் காணாமல் போன கணக்கு.

எங்கள் பக்கம் ஒரு வயலைத் தாண்டினால் மாவட்டம் மாறிவிடும். அம்மாப்பேட்டை, சாலியமங்கலம் பக்கம் தாய்வீடு என்றால் அது தஞ்சாவூர் மாவட்டம், நாங்கள் திருவாரூர். ஜூன் மாதம் மாநிலத்தை மண்டலங்களாகப் பிரித்து டெல்டா மாவட்டங்களை ஒன்றாகப் போட்டபோது கொஞ்சம் மூச்சு விட்டோம். ஜூன் 25-லிருந்து மறுபடி மாவட்டம் தாண்ட இ-பாஸ். செப்டம்பர் 1-ஆம் தேதிதான் அந்தத் தொல்லை ஒழிந்தது. இடையில் இருந்த மாதங்களில் பக்கத்து ஊர்ச் செவிலியருக்குப் போன் போட்டு, "அக்கா, என் பொண்ணு ஒண்ணு உங்க ஊருக்கு வருது, எட்டு மாசம், ரத்தம் ஒன்பதுதான் இருக்கு, பாத்துக்குங்க" என்று சொல்வது கம்ப்யூட்டரில் பெயர் மாறி வருவதைவிட வேகமாக வேலை செய்தது. அவர்களும் எனக்கு அப்படியே சொல்வார்கள்.

ஆகவே பிக்மி என்கிற அரசின் கர்ப்பிணிப் பதிவு ஒருபுறம் இருக்க, நீளமான நோட்டு ஒன்று போட்டேன். தெரு வாரியாகப் பெயர், பிரசவத் தேதி, கவனிக்க வேண்டியது என்ன. இதெல்லாம் எல்லாரும் எழுதுவதுதான். கூடவே 'இப்போது எங்கே', 'போன் யார் கையில்', 'ராத்திரி கூட வருவது யார்', 'வண்டி எந்த முனை வரை வரும்' என்று நான்கு கட்டம். திங்கள்கிழமைதோறும் 'இப்போது எங்கே' கட்டத்தை மட்டும் திருத்துவேன். பேனாவில் எழுதினால் அடித்து அடித்துக் கிழிந்துவிடும் என்று பென்சிலில் எழுதினேன்.

பதிவில் இல்லாத பெண்களைக் கண்டுபிடிக்க எனக்கு மிகவும் உதவியது எந்த விழிப்புணர்வுப் பேச்சும் இல்லை, பணம்தான். பிக்மி எண் இல்லாவிட்டால் பிறப்புச் சான்றிதழ் வாங்குவது பாடு. டாக்டர் முத்துலெட்சுமி ரெட்டி மகப்பேறு உதவித் திட்டத்தின் 18,000 ரூபாய் உதவியும் வராது. வேலை இல்லாத அந்த நாட்களில் அந்தப் பணத்தை நம்பியே இருந்த வீடுகள் உண்டு. ரேஷன் கடை வரிசையிலும் பால் சொசைட்டியிலும் "வெளியூர்லேர்ந்து மாசமா வந்திருந்தா நர்சம்மாட்ட நம்பர் வாங்கிக்கணும், இல்லேன்னா காசு வராது" என்று சொல்லிவைத்தேன். அவர்களாகவே போன் செய்தார்கள்.

போன் என்றதும் ஒன்று. மருத்துவர்கள் "போனில் விசாரியுங்கள்" என்று சுலபமாகச் சொல்லிவிடுவார்கள். போன் புருஷன் சட்டைப் பையில் இருக்கும், புருஷன் வயலில் இருப்பான். மாமியார் பக்கத்தில் நின்றால் அந்தப் பெண் எதற்கும் "நல்லாருக்கேன் சிஸ்டர்" என்றுதான் சொல்லும். "எப்படி இருக்கே" என்று கேட்பதையே விட்டுவிட்டேன். "காலையில எந்திரிக்கும்போதே கால் வீங்கியிருக்கா? போன மாசம் போட்ட வளையல் இப்ப கழட்ட வருதா? கண்ணு முன்னாடி பூச்சி பறக்குற மாதிரி இருக்கா? மத்தியானம் சாப்பிட்டுட்டு இடதுபக்கம் ஒருக்களிச்சுப் படு, ஒரு மணி நேரத்துல பிள்ளை மூணு தடவையாவது அசையுதான்னு எண்ணிச் சொல்லு." இப்படிக் கேட்டால் பதில் வரும். மாமியாரும் கேட்டுக்கொண்டே இருப்பதால் அவருக்கும் எதைப் பார்க்க வேண்டும் என்று தெரிந்துபோகும்.

ஆனால் போனோடு நிறுத்திக்கொள்ளவும் கூடாது. திருப்பூரிலிருந்து வந்து அம்மாயி வீட்டில் தங்கியிருந்த ஒரு பெண் போனில் எல்லாவற்றுக்கும் "இல்லை" என்றே சொன்னது. வழியில்தானே என்று ஒருநாள் திண்ணையோரம் வண்டியை நிறுத்தினேன். நாற்காலியில் உட்கார்ந்திருந்தது. முகத்தில் மாஸ்க். பார்வை காலுக்குப் போனபோது மெட்டி இல்லை. கல்யாணமாகி ஒரு வருஷம் ஆன பெண், எட்டாம் மாசம், மெட்டி எங்கே என்றேன். "விரல்ல புதைஞ்சு வலிச்சுது சிஸ்டர், அம்மாயி சோப்புத் தண்ணி போட்டு உருவிச்சு, குங்குமச் சிமிழ்ல இருக்கு" என்றது. ரத்த அழுத்தம் 150/100. சிறுநீரில் அட்டையை நனைத்துப் பார்த்தால், உப்பு என்று நாங்கள் சொல்கிற புரதம் நன்றாகவே தெரிந்தது. அன்றே மன்னார்குடி அரசு மருத்துவமனைக்கு அனுப்பி, அங்கிருந்து தஞ்சாவூர் ராசா மிராசுதார் மருத்துவமனைக்குப் போனார்கள். நாள் ஆகுமுன்னே ஆபரேஷன் செய்து எடுத்தார்கள், எடை குறைந்த பிள்ளை, இரண்டு உயிரும் தப்பியது. 140/90-க்கு மேல் போனால் வீட்டில் வைத்துப் பார்ப்பது கூடாது என்று நாம் எல்லாரும் படித்ததுதான். அதற்கு முதலில் பட்டையைக் கையில் சுற்ற வேண்டும். தனி ஆளாக, வாசலில் நின்று, ரத்த அழுத்தமும் எடையும் மட்டுமாவது பார்த்துவிட வேண்டும். ஐந்து நிமிஷ வேலை.

வாசலில் நிற்க விடுவதற்கே சில தெருக்களில் பாடுபட வேண்டியிருந்தது. காய்ச்சல் கணக்கெடுப்பும் எங்கள் தலையில்தான். வெளியூரிலிருந்து வந்தவர்கள் வீட்டில் தனிமைப்படுத்தல் ஸ்டிக்கர் ஒட்டுவார்கள், தொற்று என்றால் தகரம் அடித்து அடைப்பார்கள். நாங்கள் பெயர் சொன்னதால்தான் ஒட்டினார்கள் என்று ஊருக்குத் தெரியும். அதே நான் மறுநாள் சத்து மாத்திரையோடு போனால் கதவு திறக்குமா? ஒரு பாட்டி நேராகவே சொன்னார்: "ஏம்மா நர்சம்மா, நீ வந்துட்டுப் போனா பின்னாடியே தகரம் அடிக்க வர்றான்." கோபித்துக்கொள்ள முடியாது, அவர் சொன்னது உண்மை. அதற்குப் பிறகு இரண்டு வேலையையும் ஒரே நேரத்தில் செய்வதை நிறுத்திவிட்டேன். காலையில் குளித்துவிட்டுக் கிளம்பினால் முதலில் கர்ப்பிணிகள், பிறகு கைக்குழந்தைகள் இருக்கும் வீடுகள். காய்ச்சல் வீடுகள் மத்தியானத்துக்கு மேல், வேறு பை, அதிகாரிகளோடு. தொற்றைக் கொண்டுபோகாமல் இருக்கவும் அதுதான் முறை, கதவு திறக்கவும் அதுதான் வழி.

ஏப்ரலில் ஊர்கள் தாங்களாகவே வாயிலை அடைத்துக்கொண்டன. கருவேல முள், மூங்கில், ஓர் ஊரில் ஓட்டை மாட்டுவண்டியைக் குறுக்கே நிறுத்தியிருந்தார்கள். 'வெளியாட்கள் வரக்கூடாது' என்று அட்டை. காவலுக்கு இளவட்டங்கள். "ராத்திரி ரெண்டு மணிக்கு ஒரு பொண்ணுக்கு வலி வந்தா இந்த முள்ளை யாருப்பா எடுக்குறது?" என்று கேட்டேன். சிரித்தார்கள். பிறகு ஒருத்தர் முகத்தை ஒருத்தர் பார்த்தார்கள். பிறகு இரண்டு பேர் போன் நம்பர் கொடுத்தார்கள். அந்த இரண்டு நம்பரும் நோட்டில் ஏறியது. அடுத்த வாரம் முள்ளை எடுத்துவிட்டுக் கயிறு கட்டினார்கள், ஒரே ஆள் அவிழ்த்துவிடலாம். அந்தப் பையன்கள்தான் அந்த வருஷம் முழுக்க எனக்குப் பக்கபலம். வண்டி வேண்டும் என்றால் முதலில் அவர்களைத்தான் கூப்பிடுவேன்.

வண்டி விஷயத்தில் டெல்டாவுக்கென்று ஒரு தனிச் சிக்கல் உண்டு. கோடையில் வாய்க்கால் தூர்வாருவார்கள், அள்ளிய வண்டலைக் கரைமேலேயே கொட்டுவார்கள். ஒரு மழை பெய்தால் கரை ரோடு வழுக்கும், 108 ஏற முடியாது. மதகுப் பாலம் இடித்துக் கட்டினால் ஊரே சுற்றிப் போக வேண்டும். வண்டி எந்த முனை வரை வரும் என்ற கட்டம் போட்டது இதற்காகத்தான். 'மாரியம்மன் கோயில் வரை 108, அங்கே வரை குட்டியானை' என்று ஒவ்வொரு பெண் பேருக்கும் எதிரே இருக்கும். குட்டியானை வைத்திருப்பவரிடம் முன்கூட்டியே பேசி, கூலி பேசி, வீட்டாரிடமும் சொல்லிவிட வேண்டும். 108-ஐக் கூப்பிடும்போது ஊர் பெயரை மட்டும் சொல்லாதீர்கள். இந்தப் பக்கம் ஒரே பெயரில் ஊர்கள் ஏராளம். தாலுகா, பக்கத்துப் பெரிய ஊர், எந்த ஆற்றின் எந்தக் கரை, மூன்றும் சொல்லச் சொல்லி மாமியார்களுக்குப் பாடம் எடுத்தேன்.

மேட்டூர் அணை அந்த வருஷம் ஜூன் 12-ஆம் தேதியே திறந்தது. எட்டு வருஷமாக உரிய தேதியில் திறக்காமல் இருந்த அணை. ஊரெல்லாம் குறுவை. கையில் காசில்லாத நேரத்தில் நடவு வேலை வந்தால் யார் விடுவார்கள்? ஆறு மாசக் கர்ப்பிணியும் சேற்றில் குனிந்து நாற்று நட்டது. செவ்வாய்க்கிழமை பரிசோதனைக்கு வாம்மா என்றால் ஒரு நாள் கூலி போச்சு. பஸ்ஸும் ஓடவில்லை. சரி, நாம் போவோம் என்று கஞ்சி குடிக்கிற நேரத்துக்கு வரப்புக்குப் போனேன். விரலில் குத்தி ரத்தம் பார்த்து, இரண்டு மாதத்துக்கான மாத்திரையைக் கையோடு கொடுத்துவிட்டு வந்தேன். மாத்திரையைச் சுண்ணாம்புச்சத்து மாத்திரையோடு சேர்த்துப் போடாதே, டீயோடு போடாதே, வயலுக்கு வரும்போது குடிக்கிற நீராகாரத்தில் எலுமிச்சை பிழிந்துகொள், மலம் கறுப்பாகப் போனால் பயப்படாதே. இவ்வளவுதான் சொல்வேன். நடவு மேஸ்திரியிடம் பேசி, மாசமாக இருக்கிற பெண்ணை நாற்று முடி விளம்புகிற வேலைக்கு மாற்றச் சொன்னேன். சில இடத்தில் கேட்டார்கள்.

தடுப்பூசி, மே மாத வாக்கில் மெல்லத் திரும்பியது. கட்டுப்பாட்டுப் பகுதியாக அறிவித்த தெரு என்றால், அதை நீக்கி 14 நாள் கழித்துத்தான் அங்கே முகாம். அங்கன்வாடி அறை சின்னது, பள்ளிக்கூடம் பூட்டிக் கிடந்தது. தலைமையாசிரியரிடம் கேட்டு வராந்தாவை வாங்கிக்கொண்டோம். அரை மணிக்கு நான்கு குழந்தை என்று நேரம் கொடுத்தோம். உண்மையில் கூட்டம் சேர்வது ஊசி போடும் இடத்தில் அல்ல. போட்ட பிறகு அரை மணி நேரம் உட்கார வேண்டும் அல்லவா, அங்கேதான். அதனால் காத்திருக்கும் இடத்தைப் புங்க மரத்தடிக்கு மாற்றினோம், காற்றோட்டமும் ஆயிற்று. ஒன்பது மாதத்தில் போடும் தட்டம்மை-ரூபெல்லா ஊசி கலக்கிய நான்கு மணி நேரத்துக்குள் தீர்ந்துவிட வேண்டும். அந்த வயதுக் குழந்தைகளை எல்லாம் அடுத்தடுத்த நேரத்தில் வரச் சொன்னால் குப்பி வீணாகாது. அதற்காக ஒரே ஒரு குழந்தை வந்தால் திருப்பி அனுப்பிவிடாதீர்கள். அந்தத் தாய் மறுபடி வருவாள் என்பது நிச்சயமில்லை. குப்பி போகட்டும்.

இன்னொரு நுணுக்கம், எந்தச் சுற்றறிக்கையிலும் நான் பார்க்காதது. ஐந்து நோய்களுக்கான பென்டா ஊசி போட்டால் அன்றைக்கு ராத்திரி குழந்தைக்குக் காய்ச்சல் வரலாம். சாதாரண நாளில் பாராசிட்டமால் சொட்டு மருந்தோடு முடிந்துவிடும். கொரோனா நேரத்தில் பிள்ளைக்குக் காய்ச்சல் என்று பக்கத்து வீட்டுக்குத் தெரிந்தால் தெருவே அடைபடும் என்று தாய்மார்கள் ஊசியையே தவிர்த்தார்கள். அதனால் அன்று ஊசி போட்ட குழந்தைகளின் பட்டியலைச் சாயங்காலமே காய்ச்சல் கணக்கெடுக்கும் தன்னார்வலர்களுக்குக் கொடுத்துவிடுவேன். 'இந்த வீட்டில் நாளை காய்ச்சல் என்றால் ஊசியால். இரண்டு நாளுக்கு மேல் நீடித்தால் எனக்குச் சொல்லுங்கள்.' இதைத் தாய்மார்களிடம் முன்கூட்டியே சொன்ன பிறகுதான் புங்க மரத்தடி நிறைந்தது. தேதி தவறிய குழந்தைகளுக்கும் முதலிலிருந்து ஆரம்பிக்க வேண்டியதில்லை, விட்ட இடத்திலிருந்து தொடரலாம், இரண்டு தவணைக்கு நடுவே குறைந்தது நான்கு வாரம் இருந்தால் சரி.

பிரசவத் தேதி நெருங்கினால் சளிப் பரிசோதனை என்றார்கள். முடிவு வர நாளாகும். வலி அதுவரை காத்திருக்குமா? ஒரு தனியார் மருத்துவமனை, ரிசல்ட் இல்லாமல் உள்ளே விட மாட்டோம் என்று ஒரு பெண்ணை வாசலிலேயே நிறுத்திவிட்டது. பரிசோதனை முடிவு இல்லை என்பதற்காகப் பிரசவம் போன்ற அவசரச் சிகிச்சையைத் தாமதப்படுத்தக் கூடாது என்று இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம் (ஐ.சி.எம்.ஆர்.) 2020 மே 18 விதிமுறையிலேயே சொல்லியிருந்தது. அந்தப் பக்கத்தை நகல் எடுத்து, தாய் சேய் அட்டைக்குள் மடித்து வைத்துக் கொடுத்தேன். வாதாடத் தெரியாத அப்பாக்களுக்குக் காகிதம் நல்ல துணை.

பிரசவம் முடிந்து வீடு வந்த பிறகு ஒரு நன்மை நடந்தது, சொன்னால் சிரிப்பீர்கள். சொந்தபந்தம் பிள்ளை பார்க்க வரவில்லை. சேனை வைக்க, சர்க்கரைத் தண்ணீர் தொட்டுவைக்க, உரைமருந்து புகட்ட ஆளில்லை. பல பிள்ளைகளுக்கு முதலில் உள்ளே போனது சீம்பால்தான். தொற்று இருந்த தாய்க்கும் இதையேதான் சொன்னோம்: மாஸ்க் போட்டு, கை கழுவி, தாராளமாகப் பால் கொடு.

நிவர் புயல் பற்றி நீட்டி எழுத ஒன்றுமில்லை. 2020 நவம்பர் 24 மத்தியானமே பஸ்ஸை நிறுத்திவிட்டார்கள். நோட்டில் தேதி பார்த்து, நாள் நெருங்கிய பெண்களை அதற்கு முன்னாலேயே மருத்துவமனையில் சேர்த்தாயிற்று. 2018-இல் கஜா கற்றுக்கொடுத்தது அது.

இரண்டாம் அலை வேறு மாதிரி. 2021 மே மாதம் கர்ப்பிணிகளுக்கே மூச்சு முட்டியது. விரலில் மாட்டும் ஆக்சிஜன் கருவி துணை நிலையத்தில் ஒன்றுதான், அது தெருத் தெருவாகச் சுற்றியது. மற்றவர்களுக்கு எப்படியோ, வயிற்றில் பிள்ளை இருந்தால் 95-க்குக் கீழே இறங்கினாலே வீட்டில் வைத்திருக்காமல் அனுப்பினோம். கர்ப்பிணிகளுக்கும் கொரோனா தடுப்பூசி போடலாம் என்று மத்திய அரசு ஜூலை 2-ஆம் தேதி அனுமதித்தது. "கரு கலைஞ்சிடும்" என்ற பேச்சு அதற்கு முன்னாலேயே ஊரில் பரவிவிட்டது. தனி முகாம் போட்டால் வரமாட்டார்கள். செவ்வாய்க்கிழமை வயிறு பார்த்து, பிள்ளையின் இதயத்துடிப்பைக் கேட்க வைத்து, அதே இடத்தில் ஊசி என்றோம். ஒரு தெருவில் ஒருத்தி போட்டு நன்றாக இருந்தால் அடுத்தவள் வருவாள். அதற்கு மேல் எந்தத் தந்திரமும் எனக்குத் தெரியவில்லை.

கவனிக்காமல் விட்டால் பிறகு திரும்பி வந்து நிற்பது குடும்பக் கட்டுப்பாடு. ஆபரேஷன்களைத் தள்ளிவைத்தார்கள், "அப்புறம் பாத்துக்கலாம்" என்ற வீடுகளில் மூன்றாவது கரு. மூன்று மாதத்துக்கு ஒருமுறை போடும் அந்தரா ஊசி, காப்பர்-டி, ஆணுறை, எதுவானாலும் பிரசவம் முடிந்து வீடு போகுமுன் பேசிவிடுங்கள். பள்ளிக்கூடம் மூடியிருந்த காலத்தில் பதினெட்டு ஆகாத பெண்களுக்கு அவசர அவசரமாகத் தாலி கட்டியதும் நடந்தது. வழக்கு வரும் என்ற பயத்தில் அந்தப் பெண்களைப் பதிவுக்கே கொண்டுவர மாட்டார்கள். ஆபத்து அதிகமுள்ள பிரசவம் அதுதான். சட்டப்படி சொல்ல வேண்டியவர்களுக்குச் சொல்லத்தான் வேண்டும். அதற்காக ரத்தப் பரிசோதனையைத் தள்ளிப்போட வேண்டியதில்லை. முதல் நாளே அது நடக்க வேண்டும்.

இரண்டாம் அலையின் அந்த மே மாதம் எனக்கே காய்ச்சல் வந்து படுத்தபோது பக்கத்து ஊர்ச் செவிலியரும் அங்கன்வாடி ஆசிரியையும் நோட்டை வைத்து வேலையை ஓட்டினார்கள். இப்போது நோட்டுக்கு நகல் ஒன்று ஆரம்ப சுகாதார நிலையத்தில் இருக்கிறது, மாதம் ஒருமுறை புதுப்பிக்கிறோம். பஞ்சாயத்து ஆபீசிலும் ஒன்று வைக்கலாமே என்று கேட்டார்கள். ஒத்துக்கொள்ளவில்லை. வருகிறவர் போகிறவர் எல்லாம் புரட்டுகிற மேஜை அது. எந்தப் பெண்ணுக்கு எத்தனை மாதம், யாருக்கு வயது குறைவு என்பதெல்லாம் அங்கே கிடக்கக் கூடாது. அவர்களுக்கு வேண்டியது வண்டிக்காரர் நம்பரும் கயிறு அவிழ்க்கிறவர் நம்பரும்தான். அதை மட்டும் தனித்தாளில் எழுதிச் சுவரில் ஒட்டிவிட்டு வந்தேன்.